உயர் நீதிமன்ற நீதிபதி நோயுற்றால்: தீர்ப்புக்கு வெளியே இருக்கும் பணியும் மீண்டு வரும் வழியும்

வழக்குப் பட்டியலின் தலைப்பில் ஒரு வரி வருகிறது: மாண்புமிகு நீதிபதி இன்று அமரமாட்டார். வழக்கறிஞரின் குமாஸ்தா கட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்குகிறார். வெளியூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்த கட்சிக்காரருக்கு அடுத்த வாய்தா எப்போது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் என்றால் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதே வரி வாரக்கணக்கில் தொடர்ந்து, நீதிபதி தீவிர சிகிச்சையில் இருப்பதாகச் செய்தியும் வரும்போதுதான் கேள்விகள் கிளம்புகின்றன. அவருக்குச் சம்பளம் உண்டா? அந்த இடத்தில் வேறொருவரை அமர்த்தலாமா? அவர் கேட்டு முடித்து எழுதாமல் வைத்திருக்கும் தீர்ப்புகள் என்னவாகும்? குணமாகி வந்தவருக்கு வழக்குகளைக் குறைத்து நிர்வாகப் பொறுப்புகளைக் கொடுத்தால் அது சலுகையா, ஓரங்கட்டலா?

அதிகம் குழப்புவது கடைசிக் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, ஒரு நீதிபதியின் வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மேடைக்கு வெளியே இருக்கும் வேலை

காலை 10.30 மணிக்கு நீதிபதி அமர்கிறார், மாலை வரை வாதம் கேட்கிறார், தீர்ப்புச் சொல்கிறார். நமக்குத் தெரிவது இவ்வளவுதான். அரசமைப்புச் சட்டமோ உயர் நீதிமன்றத்துக்கு இன்னொரு வேலையையும் தந்திருக்கிறது. கீழமை நீதிமன்றங்களைக் கண்காணிக்கும் அதிகாரம் 227-ஆவது பிரிவிலும், அங்குள்ள நீதிபதிகளின் இடமாற்றம், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றின் மீதான கட்டுப்பாடு 235-ஆவது பிரிவிலும் உள்ளன. இதைத் தலைமை நீதிபதி தனியாகச் செய்ய முடியாது என்பதால் பணி பகிரப்படுகிறது:

1. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் நிர்வாகப் பொறுப்பேற்கிறார். அந்த மாவட்ட நீதிமன்றங்களை ஆய்வு செய்வது, அங்குள்ள நீதித்துறை அலுவலர்களின் பணியை மதிப்பிடுவது, கட்டடம் ஒழுகுகிறதா என்று பார்ப்பது எல்லாம் அவர் தலையில்.

2. கட்டடம், விதிகள், கணினிமயம், சிறார் நீதி என்று ஒவ்வொன்றுக்கும் நீதிபதிகள் குழு உண்டு. கீழமை நீதிபதி ஒருவர் மீது புகார் வந்தால் கோப்பு இவர்களில் யாரிடமாவது போய்ச் சேரும்.

3. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, மாநில ஆணையத்தின் செயல் தலைவர் பதவியில் உள்ள அல்லது ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பார். லோக் அதாலத்துகள் (மக்கள் நீதிமன்றங்கள்) அவர் மேற்பார்வையில் நடக்கின்றன. சமரச மையங்களையும் நீதிபதிகளே வழிநடத்துகிறார்கள். நாட்டிலேயே முன்னோடியான இத்தகைய மையங்களுள் ஒன்று 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியது.

4. விசாரணை ஆணையங்கள். இது தனிக் கதை.

பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த பி.என். ஸ்ரீகிருஷ்ணா, 1992–93 மும்பைக் கலவரத்தை விசாரிக்க 1993-இல் நியமிக்கப்பட்டார். 1998-இல் அறிக்கை தந்தார். பாபர் மசூதி இடிப்பை விசாரிக்க 1992 டிசம்பரில் எம்.எஸ். லிபரான் நியமிக்கப்பட்டபோது தரப்பட்ட அவகாசம் 3 மாதம். 48 முறை நீட்டிப்புப் பெற்று 2009 ஜூன் மாதம்தான் அறிக்கை வந்தது. இடையில் அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் இருந்து, பின்னர் ஓய்வும் பெற்றுவிட்டார். பதவிக்காலம் முடிந்தும் பக்கப் பணி முடியவில்லை.

கம்பனும் நாடகமும்

அலுவல் சாராத பொதுவாழ்வும் உண்டு. சென்னைக்கு இதில் நல்ல மரபு இருக்கிறது. 1948 முதல் 1961 வரை தலைமை நீதிபதியாக இருந்த பி.வி. ராஜமன்னார் நாடகங்கள் எழுதியவர். 1953-இல் சங்கீத நாடக அகாதமி தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான், அதுவும் நீதிபதிப் பதவியில் இருந்துகொண்டே. 1957–58-இல் சில மாதங்கள் பொறுப்பு ஆளுநராகவும் இருந்தார். ஓய்வுக்குப் பிறகு, மத்திய–மாநில உறவுகள் பற்றித் தமிழக அரசு 1969-இல் அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்றார். இன்று பலருக்கு அவர் பெயர் தெரிவது தீர்ப்புகளால் அல்ல, அந்தக் குழுவால்தான்.

நீதிபதி மு.மு. இஸ்மாயில் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். சென்னைக் கம்பன் கழகத்தை வளர்த்தெடுத்தவர். நெருக்கடி நிலையின்போது சென்னை மத்தியச் சிறையில் கைதிகள் அடித்துத் துன்புறுத்தப்பட்டதை விசாரித்த ஆணையமும் அவருடையதே. 1981-இல் கேரளத்துக்கு மாற்றப்பட்டபோது தலைமை நீதிபதிப் பதவியை விட்டு விலகினார், கம்பனை விடவில்லை. நீதிபதி எஸ். மகராஜன் ஷேக்ஸ்பியரைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

இவற்றுக்கு எல்லை உண்டா? உண்டு. உச்ச நீதிமன்றம் 1997 மே மாதம் ஏற்றுக்கொண்ட நீதித்துறை வாழ்வின் விழுமியங்கள் என்ற ஆவணம், நீதிபதி சங்கம், மன்றம் போன்றவற்றின் பதவிகளுக்குத் தேர்தலில் நிற்கக் கூடாது, அரசியல் விஷயங்களில் பொதுவெளியில் கருத்துச் சொல்லக் கூடாது, வணிகத்தில் ஈடுபடக் கூடாது என்கிறது. ஆனால் சட்ட நூல் எழுதுவதும் பொழுதுபோக்காகச் செய்யும் காரியமும் வணிகமாகக் கருதப்படமாட்டா என்று அதே ஆவணம் விலக்கும் தருகிறது. கம்பனுக்கு அதில் இடமிருக்கிறது.

மேலே சொன்ன நிர்வாக வேலைகளுக்கு ஒரு பொதுத் தன்மை இருப்பதைக் கவனிக்க வேண்டும். அவற்றின் நேரம் இழுத்தால் நீளும். ஆய்வை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம். கோப்பை இரவில் படுத்துக்கொண்டும் படிக்கலாம். குழுக் கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடியும். மேடை வேலை அப்படி நீளாது. நோயிலிருந்து எழுந்தவரின் கதை இங்குதான் சட்டத்தோடு முட்டுகிறது.

விடுப்பும் ஓய்வூதியமும்

1954-ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற நீதிபதிகள் (சம்பளம் மற்றும் பணி நிபந்தனைகள்) சட்டம் இதைத் தீர்மானிக்கிறது. முழுப் படி விடுப்பு, அரைப் படி விடுப்பு என்பவை அதன் சொற்கள்; படி என்றால் விடுப்பில் இருக்கும்போது கிடைக்கும் தொகை.

1. உண்மையில் பணியாற்றிய காலத்தில் நான்கில் ஒரு பங்கு, அரைப் படி விடுப்பாகக் கணக்கில் சேர்கிறது. 4 ஆண்டு பணியாற்றியவருக்கு 12 மாதம்.

2. ஒரே தடவையில் எடுக்கக்கூடியது: முழுப் படியுடன் என்றால் 5 மாதம் வரை, எல்லா வகையும் சேர்த்து 16 மாதம் வரை.

3. மருத்துவச் சான்று இருந்தால் அரைப் படி விடுப்பை முழுப் படியாக மாற்றிக்கொள்ளலாம். பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து இதன் வரம்பு 3 மாதம்.

4. எல்லாம் தீர்ந்த பிறகு, பணிக்காலத்தில் ஒரே ஒரு முறை, 6 மாதம் வரை சம்பளமில்லா அசாதாரண விடுப்பு.

விடுப்பைத் தருபவர், தலைமை நீதிபதியைக் கலந்து ஆளுநர். நியமனத்துக்குப் பிறகு ஒரு நீதிபதியின் விடுப்பு, ஓய்வூதிய உரிமைகளை அவருக்குப் பாதகமாக மாற்ற முடியாது என்று 221-ஆவது பிரிவு காவல் நிற்கிறது. நோயால் விலக நேர்ந்தால், 12 ஆண்டுப் பணி முடியாவிட்டாலும் 62 வயது ஆகாவிட்டாலும் மருத்துவச் சான்றின் பேரில் ஓய்வூதியம் உண்டு.

பணத்தைப் பொறுத்தவரை சட்டம் கஞ்சத்தனம் காட்டவில்லை. நெருக்குவது காலம். ஓய்வு வயது 62. நோய்க்காக அந்தக் கடிகாரம் நிற்காது. வழக்கறிஞராக இருந்து 55 வயதில் நீதிபதியானவருக்கு மொத்தமே 7 ஆண்டு. அதில் ஓராண்டைப் புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டால் ஏழில் ஒரு பங்கு போயிற்று. கூடுதல் நீதிபதியின் நிலை இன்னும் இக்கட்டு. அவருடைய முதல் நியமனம் 2 ஆண்டுக்கு மேல் போகாது. அதற்குள் செய்த வேலையைப் பார்த்தே நிரந்தரமாக்குவதா என்று முடிவு செய்வார்கள். பாதிக் காலம் மருத்துவமனையில் கழிந்தால் காட்டுவதற்குத் தீர்ப்புகள் எங்கே?

பதவி நீக்கம்: மிகப் பெரிய கதவு

குணமே ஆகாவிட்டால்? நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை அல்லது இயலாமை என்ற இரண்டு காரணங்களுக்காக நாடாளுமன்றம் நீதிபதியை நீக்கலாம். இயலாமை என்ற சொல்லை நாம் மறந்தே போய்விட்டோம். மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்திட்டால் நடவடிக்கை தொடங்கும். மூவர் குழு விசாரிக்கும். உடல் அல்லது மன இயலாமை என்பது குற்றச்சாட்டாக இருந்து, நீதிபதி அதை மறுத்தால், மருத்துவக் குழு அவரைப் பரிசோதிக்கலாம். அவர் பரிசோதனைக்கு உடன்பட மறுத்தால், இயலாமை இருப்பதாகவே கொள்ளலாம் என்கிறது 1968-ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டம். கடுமையான வாசகம்தான். 1993-இல் மக்களவையில் தோற்ற வி. ராமசாமி மீதான தீர்மானமும், 2011-இல் மாநிலங்களவையில் நிறைவேறிய சௌமித்ரா சென் மீதான தீர்மானமும் நடத்தை பற்றியவை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவர் மீது இந்தக் கதவைத் திறக்க யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது.

நடுவில் ஒரு சிறு கதவு இருக்கிறது. நீதிபதி ஒருவர் பணியாற்ற இயலாத நிலையில், அவர் திரும்பும் வரை தற்காலிக நீதிபதியைக் குடியரசுத் தலைவர் நியமிக்க 224(2) பிரிவு இடம் தருகிறது. வழக்கமான காலியிடங்களை நிரப்பவே மாதக்கணக்கில் கோப்புகள் அலையும் நாட்டில், இந்தப் பிரிவின் மேல் தூசி படிந்திருப்பதில் வியப்பில்லை.

ஆக, எழுத்தில் இருப்பவை இரண்டு நிலைகள்: முழுதாக வேலை செய்கிறார், அல்லது விடுப்பில் இருக்கிறார். பாதி குணமானவர் என்ற மனிதரைச் சட்டம் அறியாது.

நோய் எதை எடுத்துக்கொள்கிறது?

கடும் நோய் குணமாவது படிக்கட்டில் ஏறுவது போல் நேராக நடப்பதில்லை. பக்கவாதம் வந்தவருக்குக் கை கால் திரும்பிய பிறகும், மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டிருந்தால், சொல் நாக்கின் நுனியில் நின்று வராமல் போகலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் கிடந்தவர்களுக்குத் தசை கரைகிறது. கவனமும் நினைவும் மாதக்கணக்கில் தளர்ந்திருக்கலாம். புற்றுநோய் மருந்துகளின் களைப்பு, தூங்கி எழுந்தால் போகும் களைப்பு அல்ல. பலருக்குக் காலை நன்றாக இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்குப் பக்கத்தில் இருப்பவர் பேசுவது தொலைவில் கேட்கும்.

நீதிபதியின் வேலை இதே உறுப்புகளைத்தான் கேட்கிறது. 300 பக்கத் தட்டச்சுத் தொகுப்பில் 142-ஆம் பக்கத்துச் சாட்சியம் 17-ஆம் பக்கத்துப் புகாரோடு பொருந்தவில்லை என்பதை, வழக்கறிஞர் பேசிக்கொண்டிருக்கும்போதே பிடிக்க வேண்டும். எழுதுவதைக்கூட மெதுவாகச் செய்யலாம். கேட்பதை மெதுவாகச் செய்ய முடியாது.

இதில் சட்டம் எவ்வளவு கறார் என்பதற்கு ஒரு வழக்கு. அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வில் சுரேந்திர சிங் என்பவரின் கொலை வழக்கு மேல்முறையீட்டை கித்வாய், பார்கவா என்ற இரு நீதிபதிகள் கேட்டு, 1952 டிசம்பரில் தீர்ப்பை ஒத்திவைத்தார்கள். பார்கவா அலகாபாத்துக்கு மாறிப் போனார். அங்கிருந்து இருவர் சார்பாகவும் தீர்ப்பை எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, தேதி போடாமல் லக்னோவுக்கு அனுப்பினார். டிசம்பர் 24 அன்று காலமானார். 1953 ஜனவரி 5 அன்று கித்வாய் அதில் தானும் கையெழுத்திட்டு, தேதியிட்டு, மன்றத்தில் வாசித்தார். மரண தண்டனை உறுதியாயிற்று.

உச்ச நீதிமன்றம் அதைத் தீர்ப்பே அல்ல என்றது. இரண்டு கையெழுத்துகளும் உண்மையானவை, இருவர் கருத்தும் ஒன்றே, அது போதாது. மன்றத்தில் அறிவிக்கும் நொடி வரை நீதிபதி மனம் மாறலாம். வரைவைக் கிழித்துப் போட அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தக்கூடிய நிலையில் அவர் அந்த நொடியில் இருந்தாக வேண்டும்.

வழக்கு மரணம் பற்றியது. ஆனால் அதன் தர்க்கம் நோய்ப் படுக்கையையும் தொடுகிறது என்பது என் வாசிப்பு. நீதிபதியின் பெயர் தாளில் இருப்பதல்ல, மாறக்கூடிய மனம் ஒன்று உடன் இருப்பதே தீர்ப்பு என்றால், அரைகுறை நலத்தோடு மேடையேறுவது நீதிபதியின் சொந்த விஷயமாக மட்டும் இருக்க முடியாது.

வெளிநாடுகள் என்ன செய்தன?

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 36 ஆண்டுகள் இருந்த வில்லியம் டக்ளஸுக்கு 1974 டிசம்பர் 31 அன்று பக்கவாதம் வந்தது. அங்கே ஓய்வு வயது இல்லை. அவர் திரும்பி வந்தார், வேலை செய்ய முடியவில்லை, விலகவும் மறுத்தார். சக நீதிபதிகள் தமக்குள் ஒரு முடிவெடுத்தார்கள்: டக்ளஸின் ஒரு வாக்கால் முடிவு மாறும் வழக்கு எதுவும் தீர்க்கப்படாது, மறு வாதத்துக்கு வைக்கப்படும். பைரன் ஒயிட் மட்டும் எதிர்த்தார். ஒரு நீதிபதியின் வாக்கைப் பறிக்க அரசமைப்பு நமக்கு அதிகாரம் தரவில்லை என்பது அவர் வாதம். எண்ணிப் பார்த்தால் ஒயிட் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மற்றவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்பதும் நியாயமான கேள்வி. 1975 நவம்பரில் டக்ளஸ் விலகினார்.

அதே நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றங்களில் நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. 65 வயதும் 15 ஆண்டுப் பணியும் நிறைந்த நீதிபதி மூத்த நீதிபதி என்ற நிலைக்குப் போய், குறைந்த வழக்குகளோடு தொடரலாம். அவர் இடம் காலியானதாகக் கருதப்பட்டு நிரப்பப்படும். இங்கிலாந்தில், நிரந்தர நலிவால் பணியாற்ற முடியாமல், ராஜினாமா எழுதித் தரவும் இயலாத நிலையில் ஒரு நீதிபதி இருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் பதவி காலியானதாக அறிவிக்கலாம். நாடாளுமன்றத்தைக் கூட்டி அவமதிக்க வேண்டியதில்லை.

அங்கே உயர் நீதிமன்றக் குடும்பப் பிரிவில் இருந்த நிக்கோலஸ் மோஸ்டின் 2020-இல் பார்க்கின்சன் நோய் இருப்பதை அறிந்தார். அது குணமாகும் நோய் அல்ல. நோயை மறைக்காமல் பணியைத் தொடர்ந்து, 2023-இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு, அதே நோயுள்ள சில நண்பர்களோடு லண்டன் மதுக்கடை ஒன்றில் உட்கார்ந்து நோயைப் பற்றிக் கிண்டலும் கோபமுமாகப் பேசும் வலையொலி (பாட்காஸ்ட்) ஒன்றைத் தொடங்கினார். நம் ஊரில் நீதிபதி மருத்துவமனைக்குப் போனால் அந்தச் செய்தி முணுமுணுப்பாகத்தான் பரவும். 1997 ஆவணம் தடுப்பது அரசியல் கருத்தை. உடல்நலத்தைப் பேசுவதை அல்ல.

ரோஸ்டர் என்ற பேனா

எந்த நீதிபதி எந்த வகை வழக்கைக் கேட்பார் என்ற பட்டியலுக்கு ரோஸ்டர் என்று பெயர். அதைத் தயாரிக்கும் அதிகாரம் தலைமை நீதிபதிக்கு மட்டுமே என்பதை ராஜஸ்தான் அரசு எதிர் பிரகாஷ் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. குணமாகி வரும் நீதிபதி படிப்படியாகத் திரும்பும் வழியை இந்தப் பேனாவால் அமைக்கலாம். தனி நீதிபதியாக நாள் முழுதும் தனியே சுமப்பதற்குப் பதில் இரு நீதிபதி அமர்வில் உட்கார வைக்கலாம். சாட்சியக் குவியல் நிறைந்த மேல்முறையீடுகளைத் தள்ளி, சட்டக் கேள்வி மட்டும் உள்ளவற்றைத் தரலாம். சில மாதங்களுக்கு மேடையைக் குறைத்து, மாவட்ட நிர்வாகம், சமரச மையம், சட்டப்பணிகள் குழு ஆகியவற்றைக் கூட்டலாம். கொரோனாக் காலம் காணொலி விசாரணையையும் பழக்கிவிட்டது.

அப்படியானால், நிர்வாகப் பணி தருவது தண்டனை அல்ல என்று சொல்லிவிடலாமா? முடியாது. அதே பேனாவால், வேண்டாத நீதிபதியை உடல்நலத்தைச் சாக்காக வைத்து ஓரங்கட்டவும் முடியும். கருணையும் பழிவாங்கலும் ஒரே பட்டியலில் ஒரே எழுத்துருவில் அச்சாகும். வெளியில் இருப்பவருக்கு வேறுபாடு தெரியாது. சில நேரம் அந்த நீதிபதிக்கே தெரியாது.

எனவேதான் இது வாய்மொழியாக இருக்கக் கூடாது என்கிறேன். வேண்டுகோள் நீதிபதியிடமிருந்து வர வேண்டும். மருத்துவக் கருத்து எழுத்தில் இருக்க வேண்டும். குறைந்த பணிக்காலம் இத்தனை மாதம் என்று முன்பே வரையறுக்கப்பட வேண்டும். அந்த மாதங்கள் நிரந்தர நியமன மதிப்பீட்டில் அவருக்கு எதிராக எண்ணப்படக் கூடாது. இதற்கு அரசமைப்புத் திருத்தம் வேண்டியதில்லை. உயர் நீதிமன்ற நீதிபதிகள் அனைவரும் கூடும் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.

உங்கள் வழக்கு அவரிடம் இருந்தால்

1. வாதம் தொடங்காத வழக்கு: ரோஸ்டர் மாறும்போது வேறு நீதிபதியிடம் போய்விடும். காத்திருப்பதைத் தவிர இழப்பில்லை.

2. பாதி கேட்ட வழக்கு: அதே நீதிபதியின் முன்தான் வர வேண்டும் என்று ஒட்டிக்கொண்டிருப்பது இதுதான். நீண்ட விடுப்பு என்று தெரிந்தால், வேறு அமர்வுக்கு மாற்றக் கோரி உயர் நீதிமன்றப் பதிவுத்துறை வழியாகத் தலைமை நீதிபதியை அணுகலாம். வாதம் முதலிலிருந்து தொடங்கும்.

3. கேட்டு முடித்துத் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்ட வழக்கு: அனில் ராய் எதிர் பிகார் அரசு வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் கெடு வகுத்திருக்கிறது. 2 மாதம் கடந்தால் தலைமை நீதிபதி சம்பந்தப்பட்ட அமர்வுக்கு நினைவூட்ட வேண்டும். 3 மாதம் கடந்தால் தீர்ப்பை விரைவில் வழங்கக் கோரி மனுச் செய்யலாம். 6 மாதம் கடந்தால், வழக்கைத் திரும்பப் பெற்று வேறு அமர்வில் புதிதாக வாதம் கேட்க வைக்கும்படி எந்தத் தரப்பும் தலைமை நீதிபதியிடம் மனுச் செய்யலாம்.

இந்த மனுவில் நீதிபதியின் நோயைப் பற்றி ஒரு வரியும் எழுதத் தேவையில்லை. வழக்கு எண், தீர்ப்பு ஒத்திவைத்த தேதி, அதன் பின் கடந்துபோன மாதங்கள்: அவ்வளவு போதும்.